வேல் ஸ்டிக்கருக்கு அடியில இருந்த சிவப்பு

போன ஆயுத பூஜைக்கு எங்க பழைய காரக் கழுவிட்டு இருந்தப்ப, டிக்கில அப்பா எப்பவோ ஒட்டின வேல் ஸ்டிக்கர் பாதி பிஞ்சு தொங்குச்சு, சரி எடுத்துடலாம்னு நகத்தால உரிச்சா அடியில வேல் வடிவத்துலயே ஒரு சிவப்பு. நல்ல மொளகாப்பழ சிவப்பு. சுத்தி மொத்த வண்டியும் வெளுத்துப்போன ரோஸ் கலர்ல இருக்கு, அந்த ஒரு இடம் மட்டும் ஷோரூம்ல இருந்து வந்த அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. அப்பாவ கூப்பிட்டு காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு "இதான்டா நம்ம வண்டி கலரு"ன்னாரு.

1997 மாருதி 800. திருவான்மியூர்ல கடல்ல இருந்து நாலு தெரு தள்ளி, உப்புக்காத்துலயும் வெயில்லயும் ஏழெட்டு வருஷமா வெளியவே நின்ன வண்டி. மூணு பெயிண்டர் கிட்ட காட்டினேன், மூணு பேரும் "பெயிண்ட் செத்துப்போச்சு சார், ஃபுல்லா அடிச்சிடலாம்"னு ஒரே பதில்தான் சொன்னாங்க. எனக்கு மனசு வரல, இருக்கற பெயிண்ட்டையே தேய்ச்சு மீட்டுடலாம்னு பாத்தேன். ஃபேக்டரில வெறும் பாடியா இருக்கும்போதே பெயிண்ட் அடிச்சு 140 டிகிரி பக்கம் சூட்டுல வேக வைப்பாங்க, ஒர்க்‌ஷாப்ல முழு வண்டிக்கு அந்த சூடு குடுத்தா ரப்பர் பிளாஸ்டிக் எல்லாம் போயிடும், அதனால அங்க 60 டிகிரி பக்கம்தான், சின்ன ஷெட்டுல அதுவும் இல்ல, வெயில்லயே காய விடுவாங்க. 800 வர்றது 2014லயே நின்னாச்சு. அந்த ஒரிஜினல் பெயிண்ட ஒரு தடவ சொரண்டிட்டா போனது போனதுதான்.

வெளுத்ததுன்னா என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். பெயிண்ட்ல கலர்த் தூள கெட்டியா புடிச்சு வெச்சிருக்கறது ஒரு பிசின், வெயில்ல இருக்கற யூவி அந்தப் பிசின உடைச்சுடுது, அப்புறம் மேல இருக்கற தூளு புடிமானம் இல்லாம சுண்ணாம்பு மாதிரி ஆயிடுது. வெள்ளையடிச்ச சுவத்துல சாஞ்சா சட்டைல ஒட்டுமே, அதே கதைதான். செத்தது மேல இருக்கற மெல்லிசு படலம் மட்டும், கீழ பெயிண்ட் உசுரோடதான் இருக்கு.

ஆனா எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. ஒரு வெள்ளைத்துணில துளி காம்பவுண்ட் (பெயிண்ட்ட லேசா தேய்ச்செடுக்கற பசை) வெச்சு ஓரமா ஒரு இடத்துல தேய்ச்சுப் பாருங்க, துணில வண்டி கலர் ஏறினா அது க்ளியர் கோட் (கலருக்கு மேல பூசற நிறமில்லாத படலம்) இல்லாத பழைய சிங்கிள் ஸ்டேஜ் பெயிண்ட், காப்பாத்திடலாம். கலர் ஏறலன்னா மேல க்ளியர் கோட் இருக்கு, அது வெறும் மங்கலா இருந்தா பாலிஷ்ல தெளியும், பாம்புச் சட்டை மாதிரி உரிய ஆரம்பிச்சிருந்தா எந்த பாலிஷாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. என் துணி குங்குமம் மாதிரி சிவந்துச்சு. அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

மார்கழி முடியட்டும்னு காத்திருந்து தை மாசம் ஆரம்பிச்சேன், காலைல ஆறு மணில இருந்து ஒன்பது வரைக்கும் மட்டும். தகடு சூடாயிட்டா காம்பவுண்ட் தேய்க்கறதுக்குள்ள காஞ்சு ஒட்டிக்கும். கழுவறதுக்கு மெட்ரோ வாட்டர்தான், எங்க போர் தண்ணி காஞ்சா வெள்ளை வெள்ளையா திட்டு விழுது. கழுவினப்புறம் கைய ஒரு பாலிதீன் கவருக்குள்ள விட்டு பானட்ட தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருந்தா க்ளே பார் (ஒட்டிக்கிட்ட அழுக்க இழுத்தெடுக்கற களிமண் கட்டி) போடணும், ஷாம்பு தண்ணி நல்லா விட்டு அழுத்தாம.

அடுத்தது எல்லாரும் தாண்டிப் போற வேலை. காஞ்சு கெடக்கற பெயிண்ட்ட எடுத்த உடனே மெஷின்ல தேய்க்கக் கூடாது. மெகுவையர்ஸ் நம்பர் 7னு ஒரு பழைய க்ளேஸ், எண்ணெய்ப்பசை அதிகம், ஆன்லைன்ல வாங்கினேன். டர்க்கி டவல்ல தாராளமா எடுத்து பூசி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுட்டு காலைல துடைக்கணும். தலைக்கு எண்ணெய் வெச்சு ஊற விடற மாதிரி. முதல் தடவ பூசினப்ப பானட் அப்படியே குடிச்சிடுச்சு, ரெண்டாந்தடவைக்குத்தான் மேல நின்னுச்சு, துடைக்கும்போதே ரோஸ் போய் சிவப்பு எட்டிப் பாக்குது. துண்டு பூரா ரத்தம் மாதிரி ஆயிடுச்சு, எங்கம்மா பயந்தே போயிட்டாங்க.

அப்புறம்தான் மெஷின், அதுவும் டிஏ பாலிஷர் (சுத்திக்கிட்டே லேசா ஆடற வகை), மெல்லிசு பாலிஷ், ஃபோம் பேடு. ஒவ்வொரு பேனலுக்கும் பேட பிரஷ் போட்டு சுத்தம் பண்ணனும், இல்லன்னா செத்த பெயிண்ட்டையே திரும்பத் தேய்ச்சிட்டு இருப்போம். ரப்பர் பீடிங் மேல மாஸ்கிங் டேப் ஒட்டுங்க, காம்பவுண்ட் பட்டா வெள்ளைக்கறை லேசுல போகாது. இன்னொண்ணு, மொத்த பெயிண்ட்டோட கனமே ஒரு நோட்டுத்தாள் அளவுதான், மடிப்பு ஓரத்துல அதவிடக் கம்மி. பானட் ஓரத்துல ஒரு இடத்துல ரெண்டு செகண்ட் கூட நிறுத்திட்டேன், அடில சாம்பல் கலர் ப்ரைமர் தெரிஞ்சுது. விரக்கடை அளவுதான் இருக்கும், ஆனா அன்னைக்கு முழுக்க எனக்கு சோறு எறங்கல. இப்ப ஓரங்கள கையாலதான் தேய்க்கறேன்.

கடைசியா கார்னோபா வாக்ஸ், ஒரு வகைப் பனை மெழுகு. மூணு மாசத்துக்கு ஒரு தடவ விடாம போடணும், க்ளியர் கோட் இல்லாத பெயிண்ட்டுக்கு அதுதான் கவசம்.

எல்லா பேனலும் வந்துடுச்சு, லெஃப்ட் ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேல இருக்கற தகடு) மட்டும் வரல. பத்து வருஷம் முன்னாடி ஒரு ஆட்டோ உரசி, மறுபடி பெயிண்ட் அடிச்சது அது, துணில கலரே ஏறல, க்ளியர் கோட் உரிஞ்சு தொங்குது. அத மறுபடி அடிக்கறதுதான் வழி. மொதல்லயே அடிச்சிருந்தா அந்த ரோஸுக்குத்தான் ஷேடு கலந்திருப்பாங்க, இப்ப பாலிஷ் பண்ணின சிவப்புக்கு அது ஒட்டவே ஒட்டாது, அதனால பாதி வண்டி அடிக்கணும்னு நெனைக்கறவங்க மத்த பேனல தேய்ச்சு முடிச்சிட்டு அப்புறமா பெயிண்டர் கிட்ட போங்க.

டிக்கில அந்த வேல் இப்பவும் லேசா தெரியுது, சாயங்கால வெயில் சாஞ்சு விழும்போது மட்டும். இன்னும் ஒரு கோட் தேய்ச்சா போயிடும். அப்பா தொடாதன்னுட்டாரு.

பெட்ரோல் மூடிய கழட்டி பாலிஷ் போட்டு துணில சுத்தி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை வண்டி சாமான் கடைங்க இருக்கற ஜிபி ரோட்டுக்கு எடுத்துட்டுப் போகணும், ஷேடு பாக்க.