லெம்னோஸில் காய்ந்த கந்தல்

புண்ணுக்குக் கட்டு மாற்றுவதுதான் 23 வருடமாக என் பிழைப்பு. பெரும்பாலும் சுகர்காரர்களின் கால் புண். நான் இலக்கியம் படித்தவள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.ஏ. ஆங்கிலம் படிப்பது என் மகள். போன மாதம் நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போது அவள் மேஜையில் கிடந்த கிரேக்க நாடகத் தொகுப்பைப் பையில் போட்டுக்கொண்டேன். தூக்கம் வராமல் இருக்க ஏதாவது வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு மணிக்கு எல்லா ட்ரிப்பையும் பார்த்துவிட்டு வந்து புத்தகத்தை நடுவில் பிரித்தேன். ஆளில்லாத ஒரு கடற்கரை. இரண்டு பேர் கப்பலில் வந்து இறங்குகிறார்கள். பெரியவர் கீழே நின்றுகொண்டு, இளையவனை மேலே ஏறிக் குகைக்குள் பார்க்கச் சொல்கிறார். உள்ளே இலை பரப்பிய படுக்கை, ஆள் படுத்து அழுந்திய தடத்தோடு. கைக்கு வந்தபடி செதுக்கிய மரக் கோப்பை ஒன்று. தீ மூட்டும் கற்கள். அப்புறம் அந்தப் பையன் 'ஐயோ' என்கிறான். வெயிலில் கந்தல் துணி காய்கிறது, அவ்வளவும் சீழ்.

நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வேலையில் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டைத்தான் பார்ப்போம். ஊறியிருக்கிறதா, காய்ந்து ஒட்டிவிட்டதா, மஞ்சளா, பச்சையா. பச்சை என்றால் வாடையே வேறு. ஆள் மேடைக்கு வருவதற்கு முன்னால் அவன் கட்டுத்துணியைக் காட்டத் தெரிந்த இந்த மனிதர் யார் என்று பார்த்தேன். சோஃபக்ளிஸ். நாடகத்தின் பெயர் 'பிலோக்டெட்டிஸ்'. கி.மு. 409இல் ஏதென்ஸில் அரங்கேறி முதல் பரிசு வாங்கியது. அப்போது அவருக்கு 85 வயது தாண்டியிருந்தது.

கதை இதுதான். கிரேக்கப் படை டிராய் நகரத்தின் மேல் போருக்குப் போகிற வழியில், அதன் தலைவர்களில் ஒருவனான பிலோக்டெட்டிஸின் காலில் பாம்பு கடித்துவிடுகிறது. புண் ஆறவில்லை. நாற்றம், அலறல். பூசைக்குத் தெய்வத்தின் முன் நிம்மதியாக நிற்க முடியவில்லை என்று சொல்லி, அவன் தூங்கும்போது லெம்னோஸ் தீவில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பக்கத்தில் கொஞ்சம் கந்தல், கொஞ்சம் சாப்பாடு. விட்டுப் போனவர் ஒடிசியஸ். பத்தாவது வருடம், அவனும் அவனிடமிருக்கும் ஹெராக்ளிஸின் வில்லும் இல்லாமல் டிராய் விழாது என்று ஒரு குறி சொல்லப்படுகிறது. அதனால் அதே ஒடிசியஸ் திரும்பி வருகிறார், செத்துப்போன அகிலிஸின் மகன் நியோப்டோலமஸைக் கூட்டிக்கொண்டு.

டிராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில் இவனுக்குச் சில வரிகள்தான். ஏழு கப்பல், கப்பலுக்கு 50 பேர், தலைவன் லெம்னோஸில் வலியோடு கிடக்கிறான், அவ்வளவு. ஆனால் அதே இலியட்டில் லெம்னோஸிலிருந்து கிரேக்கப் பாசறைக்குக் கப்பல் கப்பலாக ஒயின் வருகிறது. அப்படியென்றால் அங்கே ஊர் இருந்தது. எஸ்கிலஸும் யூரிப்பிடிஸும் இதே கதையை நாடகமாக்கியபோது அந்தத் தீவுக்காரர்களைத்தான் பாடகர் குழுவாக வைத்தார்களாம். சோஃபக்ளிஸ் தீவையே காலி செய்துவிட்டார். சரியாகத்தான் செய்தார் என்பேன். முப்பது கட்டில் உள்ள வார்டிலும் அழுகிய காலோடு கிடப்பவனுக்கு அது ஆளில்லாத தீவுதான்.

இங்கே என் கதையையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வார்டில் அப்போது ஒரு லாரி டிரைவர் இருந்தார், இரண்டாவது மாதம். இரண்டு விரல் எடுத்தும் புண் அடங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்களின் சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தினமும் என்னிடம் வந்து நிற்பார்கள். சாப்பிட முடியலை சிஸ்டர் என்பார்கள். ஒருநாள் அவர் கட்டிலை வராந்தா ஓரத்துக்குத் தள்ளச் சொன்னேன். மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது அவர் கேட்டார்: "கட்டிலை மாத்தச் சொன்னது யாரு சிஸ்டர்?" "டாக்டர் சொன்னாருண்ணே, அங்கதான் காத்து நல்லா வரும்" என்றேன்.

அதனால் ஒடிசியஸை வில்லன் என்று என்னால் சுலபமாகத் தள்ள முடியவில்லை. அவர் ஒரு படையையே நடத்த வேண்டியவர். பொய் சொல்லி வில்லை வாங்கச் சொல்லிப் பையனிடம் அவர் பேசுவதைப் பாருங்கள்: பொய் சொல்வது உன் சுபாவம் இல்லை, தெரியும், ஒரே ஒரு நாளில் கொஞ்ச நேரம் வெட்கத்தை விட்டுவிடு, அப்புறம் ஆயுசு முழுக்க உத்தமன் என்று பேர் வாங்கிக்கொள். வேண்டுமானால் என்னைக் கண்டபடி திட்டு, எனக்கு வருத்தமில்லை. எத்தனை ஆபீசில் கேட்ட பேச்சு! பையனோ, கெட்ட வழியில் ஜெயிப்பதைவிட நேராக நடந்து தோற்கிறேன் என்கிறான். சொல்லிவிட்டு, பேரும் புகழும் கிடைக்கும் என்றதும் இணங்கிவிடுகிறான்.

அவன் அப்பா அகிலிஸ் இலியட்டில் இதே ஒடிசியஸிடம் சொல்லியிருக்கிறான்: மனசில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இருப்பவன் எனக்கு நரகத்து வாசல் மாதிரி. நாடகம் பார்க்க வந்தவர்களில் பலர் இதை அறிந்தவர்கள். நாடகங்கள் நடக்கும் அதே விழாவில், போரில் அப்பாவை இழந்து வளர்ந்த பையன்களுக்கு ஊர்ச் செலவில் கவசம் போட்டு ஜனங்கள் முன் நிறுத்துவது ஏதென்ஸின் வழக்கம். மேடையிலும் அப்படி ஒரு பையன்தான் நிற்கிறான்.

பொய் பலிக்கிறது. பத்து வருடத்துக்கு அப்புறம் கிரேக்கப் பேச்சு காதில் விழுந்ததிலேயே பிலோக்டெட்டிஸ் உருகிவிடுகிறான். நண்பர்களை ஒவ்வொருவராக விசாரிக்கிறான். நல்லவர்களெல்லாம் செத்தாச்சு, வம்புக்காரன் தெர்சைட்டிஸ் மட்டும் உயிரோடு இருக்கிறான். அப்போதுதான் வலி வருகிறது.

மொழிபெயர்த்தவர் அந்த அலறலை மூலத்தில் உள்ளபடியே விட்டிருந்தார். 'அபப்பபாய், பபா பபா பபா பபாய்.' நாங்கள் வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் எண் சொல்லச் சொல்லி சார்ட்டில் எழுதுகிறோம். இந்த மனிதர் அதைச் செய்யுளில் ஒரு முழு வரியாகவே வைத்திருக்கிறார். காலை வெட்டிப்போடு என்று கெஞ்சுகிறான், வில்லைப் பையன் கையில் கொடுக்கிறான், போய்விடமாட்டாயே என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொள்கிறான். புண் உடைந்து ரத்தம் வழிய, தூங்கிப்போகிறான்.

வில் கையில் இருக்கிறது, கப்பல் நிற்கிறது. பையனின் ஆட்கள் கிளம்பலாம் என்கிறார்கள். அவன் போகவில்லை. தூங்கியவன் எழுந்து, நீ இருக்கிறாயே என்று சந்தோஷப்பட்டுத் தோளைப் பிடிக்கிறான். அந்த நிமிடத்தில் நியோப்டோலமஸ் வாயிலிருந்து வருகிற சொல்: 'பபாய்.' அதே சொல். காலில் புண் இல்லாதவன். தன் சுபாவத்தை விட்டுவிட்டுத் தனக்குப் பொருந்தாததைச் செய்தால் எல்லாமே சகிக்க முடியாததாகிவிடும் என்று அவனே சொல்கிறான்.

இந்த இடத்தை மூன்று முறை படித்தேன். ஹோமரின் வீரர்களுக்கு மானம் நாலு பேர் முன்னால் கிடைப்பது, பரிசும் பங்குமாக. அதைப் படைத்தலைவன் பறித்ததால்தானே அகிலிஸ் போரை விட்டே விலகி உட்கார்ந்தான். இங்கே பார்க்க ஊரே இல்லை. செய்வதை ஊர் கேள்விப்பட்டால்கூடப் பாராட்டத்தான் செய்யும். இருந்தும் பையனுக்கு உடம்பு கூசுகிறது.

பின்னால் வில்லைத் திருப்பிக் கொடுக்கப் போகிறான். ஒடிசியஸ் வாளில் கை வைக்கிறார், பையனும் கை வைக்கிறான், பெரியவர் பின்வாங்குகிறார். கடைசியில், தெய்வமாகிவிட்ட ஹெராக்ளிஸ் தோன்றி இருவரையும் டிராய்க்கு அனுப்புகிறார்; அங்கே புண் ஆறும் என்கிறார். கூடவே ஒரு எச்சரிக்கை: ஊரைப் பிடிக்கும்போது தெய்வத்துக்குப் பயந்து நடங்கள். டிராயின் கிழட்டு ராஜா பிரயமைப் பலிபீடத்திலேயே வெட்டிக் கொன்றவன் இதே நியோப்டோலமஸ்தான் என்று மகள் பிறகு சொன்னாள். எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை.

அடுத்த டியூட்டியில் டிரைவரின் கட்டைப் பிரித்தேன். சலைன் ஊற்றி ஊறவைத்து, ஒட்டிய துணியை ஓரத்திலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டே, "அண்ணே, கட்டிலை மாத்தச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும் சிஸ்டர்," என்றார். "டாக்டர் அன்னிக்கு லீவு."