காம்பைப் பாருங்கள்

பேர் தெரியாத பரங்கி கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது காம்பைத்தான். நிறம் ஏமாற்றும், ஒரே வகையிலேயே பச்சையும் உண்டு, ஆரஞ்சும் உண்டு. நேற்று வந்த சாம்பல் நீலக் காயின் காம்பு உருண்டையாக, நகத்தால் அழுத்தினால் தக்கை மாதிரி பதிந்தது. அப்படியென்றால் ஹப்பார்ட், கபோச்சா என்ற பரங்கி வகைகளின் இனம். பாதியாக வெட்டி, விதையை எடுத்து, கவிழ்த்து வைத்து 200 டிகிரி செல்சியஸில் கத்தி தடையில்லாமல் இறங்கும்வரை சுட்டேன், சதை மாவு மாவாக உதிர்ந்து அவ்வளவு இனிப்பு!

காம்பு கெட்டியாக, பட்டை பட்டையாக இருந்து காயைத் தொடும் இடத்தில் பாதம் போல விரிந்தால் அது பட்டர்நட் இனம், சூப்புக்கு இதை விட்டால் வேறில்லை. விரியாமல் நின்றால் பெரும்பாலும் ஏகார்ன், டெலிகாட்டா, ஸ்பகெட்டி கூட்டம். டெலிகாட்டாவுக்குத் தோல் சீவவே வேண்டாம். ஸ்பகெட்டியை மட்டும் நீளவாக்கில் பிளக்காமல் குறுக்கே வளையமாக வெட்டுங்கள், அதன் சதையில் நூல் போன்ற இழைகள் காயைச் சுற்றித்தான் ஓடுகின்றன, இப்படி வெட்டினால்தான் அறுபடாமல் நீளமாக வரும்.

அப்புறம், தெரியாத காய் என்றால் சமைக்கும் முன் ஒரு துணுக்கைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அது குக்குர்பிட்டாசின் என்ற நச்சு, வேகவைத்தாலும் போகாது.