சராசரிக்குப் பின்னால் நிற்பவர்கள்

கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் கல்லூரியை விட்டு வெளியே வந்தால், "படிச்சதெல்லாம் வீணாப் போச்சே" என்று யாராவது வருத்தப்படுவார்கள். நான் வடிவங்களை இயற்கணிதத்தால் ஆராயும் இயற்கணித இடவியலில் ஆய்வு செய்தவள். சில ஆண்டுகள் பாடம் நடத்தினேன். பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் கல்வித் திட்டங்களின் பலனை அளக்கும் வேலை. இப்போது பொதுக் கொள்கை ஆய்வில் இருக்கிறேன். கற்பித்தலை விட்டபின் இடவியல் தேற்றம் எதுவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. பள்ளிப் பாடத்தில் வரும் சராசரியும் விழுக்காடும்தான் தினமும் மேசைக்கு வருகின்றன. அவற்றை ஒரு நிரூபணத்துக்கு உரிய கண்டிப்போடு பார்க்கப் பழக்கியது என் படிப்பு. அதனால் எதுவும் வீணாகவில்லை என்றே நினைக்கிறேன்.

முதலாண்டு மாணவர்களிடம் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். ஒரு வகுப்பில் 10 பேர், சராசரி 60. இன்னொரு வகுப்பில் 40 பேர், சராசரி 80. இரண்டையும் சேர்த்தால் சராசரி என்ன? பலரும் யோசிக்காமல் 70 என்று எழுதுவார்கள். சரியான விடை 76. சூத்திரம் தெரியாததால் வரும் பிழை அல்ல இது. அந்த 60க்கும் 80க்கும் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேட்கத் தோன்றாததால் வருவது. அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதான் ஆசிரியர் வேலையில் பாதி என்று இன்றும் நம்புகிறேன்.

தொண்டு நிறுவனத்தில் அதே கேள்வி வேறு உருவில் வந்தது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு மாலை நேரச் சிறப்பு வகுப்பு நடத்தினோம். ஒரு தேர்வு வைத்து, மிகக் குறைவாக மதிப்பெண் எடுத்தவர்களைச் சேர்ப்போம். பருவ முடிவில் மீண்டும் தேர்வு வைப்போம். மதிப்பெண் ஏறியிருக்கும். "ஏறியிருக்கே மேடம், இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்றார் களப்பணியைப் பார்த்துக்கொண்ட மூத்தவர். அந்தப் பிள்ளைகளுக்காக மழையிலும் வெயிலிலும் அலைந்தவர் அவர். அவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தேன்.

ஒருநாள் தேர்வில் மிகக் குறைவாக எடுத்தவர்களில், உண்மையிலேயே பின்தங்கியவர்களோடு அன்று மட்டும் சறுக்கியவர்களும் இருப்பார்கள். காய்ச்சலோடு வந்த பிள்ளை, முதல் நாள் இரவு தூங்காத பிள்ளை. இவர்கள் அடுத்த தேர்வில் வகுப்பே இல்லாவிட்டாலும் கொஞ்சம் மேலே வருவார்கள். பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை வைத்து ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1886இல் விளக்கிய, சராசரியை நோக்கித் திரும்பும் போக்கு இதுதான். அப்படியானால் வகுப்பின் பலன் எவ்வளவு? வகுப்புக்குப் போகாத, அதே நிலையில் இருந்த பிள்ளைகள் எவ்வளவு ஏறினார்கள் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். எங்களிடம் இருந்த இடங்களைவிடச் சேர விரும்பியவர்கள் அதிகம். அதனால் குலுக்கல் முறையில் சேர்த்தோம். யாருக்கும் பாரபட்சம் இல்லை. ஒப்பிட ஒரு குழுவும் கிடைத்தது. ஏற்றத்தில் வகுப்பின் பங்கு நாங்கள் நம்பியதைவிடக் குறைவாக வந்தது, ஆனால் இருந்தது. அந்த மூத்தவர் அறிக்கையை இரண்டு தரம் படித்துவிட்டு, "இது நம்ம உழைப்பு மட்டும், இல்லையா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்துப்போன இன்னொரு கருவி, சொல்லக் கூசும் கேள்விகளுக்கு உண்மையான பதில் பெற ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் 1965இல் முன்வைத்த எண்ணம். வீட்டில் பிள்ளையை அடிப்பீர்களா என்று நேரடியாகக் கேட்டால் உண்மை வராது. வார்னர் முறையின் எளிய வடிவம் ஒன்றில், பதில் சொல்பவர் நாணயத்தை மறைவாகச் சுண்டுவார். தலை விழுந்தால் 'ஆம்' என்றே சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். 1000 பேரில் 600 பேர் 'ஆம்' என்றால், சுமார் 500 பேரை நாணயம் சொல்ல வைத்திருக்கும். மீதி 500 பேரில் 100 பேர் உண்மையாகவே 'ஆம்' என்கிறார்கள்; ஐந்தில் ஒருவர். யார் அந்த ஒருவர் என்று கேட்டவருக்கும் தெரியாது. ஒருவரின் மானத்தைக் காத்துக்கொண்டே ஊரின் நிலையை அறிய இவ்வளவு எளிய கணக்கு போதும் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கொள்கை ஆய்வுக்கு வந்தபின் கூட்டுத் தொகைகளைக் கண்டால் பிரித்துப் பார்க்காமல் விடுவதில்லை. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். 1973இல் அங்கே முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் சுமார் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. பாரபட்சம் கண்ணுக்கு நேரே தெரிகிறது. 1975இல் வெளியான ஆய்வு அதைத் துறைவாரியாகப் பிரித்தபோது, பெரும்பாலான துறைகளில் அந்த இடைவெளி இல்லை. போட்டி கடுமையான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். முதலாண்டு வகுப்பின் 10 பேர், 40 பேர் கணக்கேதான் இதுவும். ஆனால் பிரித்துக் காட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று கோப்பை மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெண்கள் ஏன் அந்தத் துறைகளுக்குப் போனார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வளர்ப்பிலும் பள்ளியிலும் தொடங்கும் காரணங்களை அந்த ஆய்வே சுட்டியது.

நிரூபணம் முடியும்வரை காத்திருக்கலாம் என்ற சுகம் இந்த வேலையில் இல்லை. முடிவெடுக்கும் நாள் முன்பே குறிக்கப்பட்டிருக்கும். "ஒரே எண்ணாச் சொல்லுங்க" என்பார்கள். நான் இரண்டு எண்களைக் கொடுக்கிறேன்: உண்மை இருக்கக்கூடிய கீழ் எல்லை, மேல் எல்லை. உண்மை கீழ் எல்லையில் இருந்தால் இந்தத் திட்டத்தால் யாருக்கு என்ன இழப்பு, மேல் எல்லையில் இருந்தால் கைவிடுவதால் யாருக்கு என்ன இழப்பு என்று ஒரு பக்கம் எழுதுகிறேன். முழு அறிக்கையில் அதிக நேரம் எடுப்பது அந்தப் பக்கம்தான். கூட்டத்தில் மற்ற பக்கங்களைப் புரட்டிவிட்டு அதில் நின்று கேள்வி கேட்கிறார்கள்.