எடுத்த இடம் தெரியவில்லை

பழைய ஏடுகளை ஒழுங்கு பண்ண ஆள் வேண்டும் என்று பூசை முடிவில் பங்குத்தந்தை அறிவித்ததும் முதலில் கை தூக்கியவன் நான். அப்போது எனக்கு இருந்தது ஆர்வம் மட்டும்தான். அந்த ஆர்வம் என்ன பாடுபடுத்தியது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எல்லாம் ஒரே மர அலமாரியில் இருந்தன. ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள், கணக்குப் புத்தகங்கள், கட்டுக்கட்டாகக் கடிதங்கள். திருமணத்தையும் ஞானஸ்நானத்தையும் புத்தகத்தில் பதியச் சொன்னது 1563-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துச் சங்கம். அன்றிலிருந்து தொடரும் பழக்கத்தின் மிச்சம்தான் இந்த அலமாரி. பழைய ஏடுகளே திடமாக இருந்தது முதலில் புதிராகப் பட்டது. அவை கந்தல் துணியிலிருந்து செய்த தாள். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பரவிய மரக்கூழ்த் தாளில் அமிலம் அதிகம், மடித்தால் அப்பளம்போல் உடைகிறது.

எங்களுக்குப் பழக்கிக் கொடுத்தவர் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அக்கா. பேனாவைப் பையிலேயே வைத்துவிட வேண்டும், மேசைக்கு வருவது பென்சில் மட்டும். வெள்ளைக் கையுறை வேண்டாம், போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழியும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது. ஈரத்துணி கிட்டே வரக்கூடாது. ஏடுகளில் எழுதியிருந்தது மாசிக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய மை. ஈரம் பட்டால் அதிலுள்ள இரும்பு பரவித் தாளைத் தின்னும். சில பக்கங்களில் எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவத்திலேயே ஓட்டை இருந்தது.

பூச்சி அரித்துப் புதிதாகத் தூள் கொட்டிக்கொண்டிருந்த இரண்டு ஏடுகளைக் காற்றுப் புகாத பையில் கட்டி, பூச்சி சாகட்டும் என்று மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தோம். வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் பையைப் பிரிக்கவில்லை. பிரித்திருந்தால் தாளில் நீர் கோத்திருக்கும்.

இனி என் கதை. இரண்டாம் வாரம் ஒரு ஞானஸ்நான ஏட்டைத் தூசி தட்டக் கொடுத்தார்கள். பக்கங்களுக்கு நடுவே துண்டுச் சீட்டுகள் நிறைய. குப்பையாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் உருவி, தேதிவாரியாக அடுக்கி, அழகாக ஒரு உறையில் போட்டேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான் அக்காவிடம் நீட்டினேன்.

"எந்தப் பக்கத்துல இருந்து எடுத்தீங்க தம்பி?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

ஒருவர் வேறு பங்கில், அதாவது வேறொரு தேவாலயத்தின் எல்லையில், திருமணம் செய்தால், அந்தத் தகவல் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு வரும். அதை அவருடைய பதிவின் ஓரத்தில் குறிப்பார்கள். அந்தச் சீட்டுகள் அப்படி வந்தவை. ஓரத்தில் ஏற்றாமல் விட்டவை சிலவும் அதில் இருந்தன. ஒரே பெயரில் மூன்று அந்தோணி இருக்கும் ஏட்டில், சீட்டு செருகியிருந்த பக்கம்தான் எந்த அந்தோணி என்பதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியை நான்தான் கலைத்தேன்.

அக்கா திட்டவில்லை, திட்டியிருக்கலாம். "நிழல் இருக்கும், தேடுங்க" என்றார். அமிலத் தாள் பல வருடம் ஒரே இடத்தில் கிடந்தால், தன் உருவத்திலேயே எதிர்ப்பக்கத்தில் பழுப்புக் கறை விட்டுவிடும். ஒவ்வொரு சீட்டையும் அளந்து, அதே அளவுக் கறையைத் தேடி, பெயரையும் ஒத்துப் பார்த்தேன். மூன்று மாதச் சனிக்கிழமைகள் அதிலேயே போயின. மற்றவர்கள் அதற்குள் மேலிருந்து படமெடுக்கும் கேமராவில் பாதி ஏடுகளை முடித்து, மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வைத்துவிட்டார்கள். தத்துப் பிள்ளைகளின் விவரமும் இருப்பதால் எங்கள் கைப்பேசிகள் வாசலிலேயே ஒரு கூடையில் கிடந்தன.

பெரும்பாலான சீட்டுகள் வீடு திரும்பின. ஒவ்வொன்றின் பின்னாலும் பக்க எண் பென்சிலில் இருக்கிறது. பொருந்தாத பதினொன்றை அமிலமற்ற உறையில் இட்டு, ஏட்டோடு அதே பெட்டியில் வைத்தோம். உறைமேல் என்ன எழுத என்று கேட்டேன். "நடந்ததை எழுதுங்க" என்றார் அக்கா. "எடுத்த இடம் தெரியவில்லை" என்று எழுதி, தேதி போட்டு, எடுத்தவன் பெயராக என் பெயரையும் எழுதினேன்.