கட்டத்துக்குள் ஒரு பாட்டி

அலுவலக நண்பர் ஒருவரின் முன்னோர், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஆரம்பத்திலேயே குடியேறியவர்கள். "கொஞ்சம் தேடிப் பாரேன்" என்றார். ஒரு சாயங்கால வேலைதானே என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆகிறது!

1775இல் டேனியல் பூன் என்ற வேட்டைக்காரர் கம்பர்லாண்ட் கணவாய் வழியாகக் கென்டக்கிக்குப் பாதை வெட்டினார். அதன் பிறகு குடும்பம் குடும்பமாகப் போயிருக்கிறார்கள். (காலி நிலமெல்லாம் இல்லை, ஷானி, செரோக்கி பூர்வகுடி மக்கள் வேட்டையாடிய காடு.) 1792 வரை அது வர்ஜீனியாவின் பகுதி என்பதால் பழைய பட்டாவெல்லாம் வர்ஜீனியா கொடுத்ததுதான். நில எல்லையே "வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி" என்றுதான் எழுதியிருக்கும். அந்த மரத்துக்கு நான் எங்கே போவேன்?

1840 வரை மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்களெல்லாம் வயதுக் கட்டத்துக்குள் வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் மற்றவர்களுக்கும் பெயர் வந்தது. அப்போதும் அடிமைகள் பெரும்பாலும் எஜமானர் பெயருக்குக் கீழே வெறும் வயது, பால், நிறம்.

அப்புறம் ஓய்வூதியக் கோப்புகள். புரட்சிப் போர் (அமெரிக்க விடுதலைப் போர்) வீரர்களின் விதவைகள் பலர், ஓய்வூதியம் கேட்டபோது கல்யாணச் சான்று இல்லாமல் குடும்ப பைபிளில் பெயர் எழுதிய தாளையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்னும் இருக்கின்றன. நான் பார்த்த ஒன்றில் ஒரே கையெழுத்தில் ஒன்பது பிள்ளைகள். இரண்டு பேருக்கு அடுத்த வரியிலேயே இறந்த தேதி. அதோடு அன்றைக்கு மடிக்கணினியை மூடிவிட்டேன்.

நண்பரின் கொள்ளுப்பாட்டிக்கும் பாட்டி ஒருத்தி 1810 கணக்கில் இருக்கிறாள். பெண், 26 முதல் 45 வயதுக்குள், எண்ணிக்கை: 1.