தம்பி நுரையீரல்ல காத்துப்பை

ஜூலை 14, திங்கள்

சித்தி மவன், 27 வயசு. நேத்து ராத்திரி திடீர்னு இடப்பக்க நெஞ்சு குத்துதுக்கான்னான், மூச்சு வாங்க ஆரம்பிச்சுட்டு, ஹார்ட் அட்டாக்கோன்னு பதறிப்போயி ஆட்டோ புடிச்சு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி நார்மல். எக்ஸ்ரேலதான் இடது நுரையீரல் சுருங்கிக் கெடக்கது தெரிஞ்சுது, சுத்தி காத்து அடைச்சிருக்கு. நிமோதொராக்ஸாம். உடனே விலாவுக்கு நடுவுல டியூப் போட்டுட்டாங்க.

ஜூலை 15

டியூப்போட மறுமுனை கட்டிலுக்குக் கீழ பாட்டில் தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்கு. மூச்சு விட விட தண்ணி ஏறி இறங்குது, இருமுனா குபுகுபுன்னு குமிழி வருது. பாட்டில நெஞ்சு மட்டத்துக்கு மேல தூக்கிராதீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க, தூக்குனா தண்ணி உள்ள போயிரும்லா.

ஜூலை 17

சிடி ஸ்கேன் வந்துட்டு. ரெண்டு நுரையீரல் உச்சியிலயும் பெரிய பெரிய காத்துப்பை, புல்லான்னு சொல்லுதாங்க, அதுல ஒண்ணு வெடிச்சிருக்கு. டாக்டர் எங்கள வெளிய அனுப்பிட்டுக் கேட்டப்பதான் பய வாயத் தொறந்திருக்கான். காலேஜ்ல இருந்தே தெனமும் கஞ்சாவாம், சிகரெட்டுத் தூள் கலந்து.

"மூலிகைதானக்கா, ஒண்ணும் செய்யாதுன்னானுவ"ங்கான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு! எந்த எலைய எரிச்சாலும் புகையில தாரும் கார்பன் மோனாக்ஸைடும் வரத்தான் செய்யும், பில்டரும் கெடையாது, அதுலயும் ஆழமா இழுத்து அப்படியே தம் கட்டி வைக்கானுவ. 1988-லயே அமெரிக்காவுல அளந்து பாத்திருக்காங்க, சிகரெட்ட விட கஞ்சாவுல உள்ள போற தார் சுமார் 3 மடங்கு, ரத்தத்துல ஏறுற கார்பன் மோனாக்ஸைடு கிட்டத்தட்ட 5 மடங்கு. புகையிலைக்கு எவ்வளவு பங்கு, கஞ்சாவுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதும்மான்னு டாக்டர் நேராவே சொல்லிட்டாரு. ஆனா ஒண்ணு, புல்லாவா மாறுன எடம் பழையபடி ஆகாதாம். சித்திகிட்ட இத எப்படிச் சொல்ல?

ஜூலை 21

டியூப் எடுத்தாச்சு. கஞ்சா, சிகரெட்டு ரெண்டையும் விடணும், இப்போதைக்கு பிளைட் ஏறக்கூடாது, மறுபடி வந்தா சின்னத் துளை போட்டு புல்லாவ வெட்டி எடுக்கணுமாம்.

சாயங்காலம் கூட்டாளி பயலுவ வந்தானுவ. ஒருத்தன் உக்காந்த நேரம் பூரா இருமிட்டே இருக்கான், சளியும் ரொம்ப நாளா இருக்காம். எக்ஸ்ரே எடுத்துருலன்னு தம்பியே சொன்னான். போலீசுக்குச் சொல்லிருவாங்களாக்கான்னு அந்தப் பய எங்கிட்ட கேக்கான். டாக்டர் கேட்டது வைத்தியத்துக்குல, தம்பிய யாரு என்ன செஞ்சா? காலையில ஓபி சீட்டு போட வா, நானும் கூட வாரேன்னு சொல்லிருக்கேன்.