யாகுசா மாமா கட்டிய ஏப்ரன்

ஒரே ஒரு அத்தியாயம் என்று ஆரம்பித்து ராத்திரி இரண்டு மணி வரை ‘கோகுஷுஃபுடோ’ படித்துக்கொண்டிருந்தேன். கோஸுகே ஓனோ 2018இல் தொடங்கிய மாங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ். ‘கோகுடோ’ என்றால் யாகுசா, ஜப்பானிய கேங்ஸ்டர். அதன் நடுவே, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கணவனைக் குறிக்கும் ‘ஷுஃபு’வைச் செருகினால் தலைப்பு ரெடி. கதையும் அவ்வளவுதான்.

கேங்ஸ்டர் உலகமே பார்த்து நடுங்கிய தாட்சு, மிகுவைக் கல்யாணம் செய்துகொண்டு தொழிலை விட்டுவிட்டான். அவள் வேலைக்குப் போகிறாள், இவன் சமைக்கிறான். முகத்துத் தழும்பு, கறுப்புக் கண்ணாடி, கோட்டு எதுவும் மாறவில்லை, மேலே நாய்ப் படம் போட்ட ஏப்ரன் மட்டும் கூடுதல். மனைவி மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவோடு சைக்கிளை மிதிக்கிறான், அந்த மூஞ்சியைப் பார்த்ததும் போலீஸ் மறிக்கிறது! தள்ளுபடி விற்பனைக்குப் போவதைக்கூட எதிரி கும்பலைத் தீர்த்துக்கட்டப் போகிற தோரணையில்தான் சொல்கிறான்.

சிரிப்பு வருவது எதனால் என்றால், அவன் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை, கறை போக்குவதைக் கௌரவப் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்கிறான்.

2021இல் இது அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடராக வந்தபோது, படம் அசையவே மாட்டேன் என்கிறது என்று பலர் திட்டினார்கள். நியாயம்தான். ஆனால் தாட்சுவுக்குக் குரல் கொடுத்த கென்ஜிரோ சுடாவின் அந்தக் கரகர குரலுக்காகவே எனக்குப் பிடித்தது. சரி, இங்கே மூன்று நாள் துணி மடிக்காமல் கிடக்கிறது, தாட்சு பார்த்தால், தப்பு செய்த யாகுசா மாதிரி விரலை வெட்டச் சொல்வான்.